ராத்திரி பத்தரை மணிப் பசி: ஹாஸ்டலில் இருந்துகொண்டே ஃபாஸ்ட் ஃபுட்டைக் குறைப்பது எப்படி

தமிழ்நாட்டில் ஃபாஸ்ட் ஃபுட் என்று சொன்னதும் பர்கரோ பீட்சாவோ ஞாபகத்துக்கு வருவதில்லை, கல்லூரி கேட்டுக்கு எதிரே நிற்கும் தள்ளுவண்டிதான் வரும். சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு, கருத்துப்போன பெரிய இரும்புச் சட்டி, இரைச்சலோடு எரியும் கேஸ் அடுப்பு, சட்டியில் கரண்டி தட்டும் சத்தம். ஒரு டப்பாவில் நறுக்கிய முட்டைக்கோஸ், இன்னொன்றில் முன்னமே வடித்து ஆறவைத்த சாதம். எக் ரைஸ், சிக்கன் ரைஸ், நூடுல்ஸ், கோபி 65, நாலு கடை தள்ளிக் கொத்து பரோட்டா, அதற்கும் தள்ளி ஷவர்மா. அந்த வாசனை ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டல் மூன்றாவது மாடி வரைக்கும் வரும். நானும் நாலு வருஷம் அந்த மூன்றாவது மாடியில் இருந்தவன். இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், கூடவே ஆண்கள் விடுதியில் துணைக் காப்பாளர் பொறுப்பும் இருப்பதால் இந்த விஷயத்தை இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன்.

விடுதிக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "சார், இவனுக்கு நாக்கு ருசி அதிகம், வெளியே தின்னாமல் இருக்க மாட்டான்." எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாக்குக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்கு. மெஸ் மூடும் நேரத்துக்கும் பையன் தூங்கப்போகும் நேரத்துக்கும் நடுவில் கிடக்கும் நாலைந்து மணி நேரத்துக்குத்தான் பெரிய பங்கு. அதற்கப்புறம் கூட்டாளிகள், தூக்கக் குறைவு, காசு கையை விட்டுப் போகும் விதம். இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு "மனசைக் கட்டுப்படுத்து" என்று சொன்னால் ஒரு வாரம் நடக்கும், எட்டாம் நாள் வண்டி முன்னால் நிற்பான். அந்த இடைவெளியை அடைத்தால் நிஜமாகவே குறைகிறது. எப்படி அடைப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் ஏழு நாள் எழுதுங்கள்

எதையும் மாற்றாதீர்கள். வழக்கம்போலச் சாப்பிடுங்கள், ஆனால் வெளியே சாப்பிடும் ஒவ்வொரு முறையும் போனில் ஒரு வரி எழுதி வையுங்கள்: மணி என்ன, அதற்கு முன்னால் கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள், கூட யார் இருந்தார்கள், காசு எப்படிக் கொடுத்தீர்கள், முந்தின ராத்திரி எத்தனை மணி நேரத் தூக்கம். இந்த ஐந்து போதும். கலோரிக் கணக்கு வேண்டாம். அதை ஆரம்பித்தால் மூன்றாம் நாளே சலித்துப்போய் எழுதுவதையே விட்டுவிடுவீர்கள்.

போன வருஷம் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், அடிக்கடி வயிற்றெரிச்சல் என்று வந்தவன், நான் சொன்னதற்காக இப்படி எழுதினான். அவன் அனுமதியோடு இங்கே சொல்கிறேன். திங்கள், 10.40, ஹாஃப் எக் ரைஸ், கடைசியாக 7.20க்கு இரண்டு சப்பாத்தி, ரூம்மேட் இரண்டு பேர், ஜிபே, தூக்கம் ஐந்து மணி. செவ்வாய், 11.10, ஃபுல் சிக்கன் ரைஸ், மெஸ்ஸில் ராத்திரி உப்புமா என்பதால் போகவில்லை, கடைசியாக 4.30க்கு டீயும் பிஸ்கட்டும். புதன், வெளியே சாப்பிடவில்லை, பத்து மணிக்கே தூங்கிவிட்டான். வியாழன், காலை 10.50, கேன்டீனில் இரண்டு பப்ஸ், காலைச் சாப்பாடு இல்லை, முதல் வகுப்பு 8.30. வியாழன் ராத்திரி மறுபடியும் எக் ரைஸ், ரெக்கார்டு எழுதி முடிக்க ஒரு மணி ஆனது.

ஏழு நாளில் ஆறு முறை. அதில் ஐந்து முறை, அதற்கு முந்தின சாப்பாட்டுக்கும் இதற்கும் நடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. எழுதி முடித்துவிட்டு அவன் சொன்னது, "சார், எனக்கு ஃபாஸ்ட் ஃபுட் பிடிக்கும்னு நினைச்சிட்டிருந்தேன், எனக்குப் பசிக்குது, அவ்வளவுதான்." அந்தப் புதன்கிழமையைப் பாருங்கள், தூங்கிவிட்டதால் தேவையே வரவில்லை.

உங்கள் நோட்டில் வேறு காரணம் தெரியலாம். தினமும் ஒரே நண்பனோடு மட்டும் போகிறீர்களா, சனி ஞாயிறு மட்டுமா, இன்டர்னல் தேர்வு வாரத்தில் மட்டுமா, வீட்டில் ஏதாவது பிரச்சினை என்று போன் வந்த அன்றைக்கா என்று தேடுங்கள். எது அதிகம் வருகிறதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்தப் போக வேண்டாம்.

இடைவெளியை அடைப்பது

முக்கியமான பகுதி இதுதான். பெரும்பாலான விடுதிகளில் ராத்திரிச் சாப்பாடு ஏழேகாலுக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிந்துவிடும், சமையல் ஆட்களும் வீட்டுக்குப் போக வேண்டுமே. மாணவர்கள் ஏழு மணிக்கே தட்டோடு வரிசையில் நிற்பார்கள், கடைசியில் போனால் குழம்பில் காய் இருக்காது என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அப்புறம் ஒரு மணி வரை விழித்திருப்பார்கள். வீட்டில் ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி வரை வேறு எதுவும் வாயில் போடாமல் யாராவது இருப்பார்களா? வீட்டிலே அம்மா பத்து மணிக்கு ஒரு டம்ளர் பாலாவது கொடுப்பார். ஹாஸ்டலில் அந்தப் பாலின் இடத்தில் இருப்பது தள்ளுவண்டி.

முதல் மாற்றம், சாப்பிடும் நேரத்தைப் பின்னால் தள்ளுவது. எட்டு, எட்டேகால் மணிக்குப் போங்கள். காய் தீர்ந்துவிடும் என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஒருவர் முன்னால் போய்ப் பொரியலை மட்டும் டப்பாவில் வாங்கி வைக்கலாம், எங்கள் விடுதியில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலே பத்தரை மணிப் பசி பதினொன்றரைக்குப் போகும், பாதி நாள் அதற்குள் தூக்கம் வந்துவிடும்.

இரண்டாவது, தட்டில் என்ன இருக்கிறது என்பது. இரண்டு சப்பாத்தியும் தண்ணீராக ஒரு கரண்டி குருமாவும் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. மெஸ்ஸில் தருவதற்குள்ளேயே தேர்ந்தெடுக்கலாம்: பருப்பு இருந்தால் இரண்டு கரண்டி கூடுதலாகக் கேளுங்கள், சுண்டல் இருக்கும் நாளில் அதை ஓரத்தில் தள்ளாதீர்கள், கடைசியில் தயிர் சாதம் சாப்பிடாமல் எழுந்திருக்காதீர்கள். முட்டை தரும் விடுதியாக இருந்தால் அதை ராத்திரிக்கு வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வயிறு நிரம்பிய உணர்வு நீடிக்கப் புரதம் ரொம்ப உதவும்.

மூன்றாவது, அறையில் ஒரு டப்பா. இதை நான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இந்த இடத்தில் பிஸ்கட் பாக்கெட்டும் சிப்ஸும் வாங்கி வைத்துவிட்டு "முயற்சி பண்ணினேன், நடக்கவில்லை" என்கிறார்கள். இனிப்பு பிஸ்கட்டில் மைதாவும் சர்க்கரையும்தான் அதிகம், ஒரு பாக்கெட் முழுக்கப் போனாலும் பசி போகாது. டப்பாவில் இருக்க வேண்டியது வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், அவல், வெல்லம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில், சுமார் 30 கிராம் என்று வைத்துக்கொண்டால், 7 கிராம் அளவுக்குப் புரதம் வந்துவிடும், நூற்று எழுபது கலோரிக்குப் பக்கம். கடலை மிட்டாய் சின்ன விஷயம் இல்லை: கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்தது, அந்தப் பக்கத்து நண்பன் ஊருக்குப் போனால் ஒரு கிலோ வாங்கி வரச் சொல்லுங்கள்.

பல விடுதிகளில் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்புக்கு அனுமதி கிடையாது. அதனால் அடுப்பே தேவையில்லாத ஒரு சாப்பாடு. எட்டு மணிக்கு மெஸ்ஸிலிருந்து வரும்போது ஒரு டம்ளர் தயிர் எடுத்து வாருங்கள். பத்து மணிக்கு இரண்டு கைப்பிடி கெட்டி அவலை ஒரு கிண்ணத்தில் போட்டு இரண்டு முறை கழுவி, அவல் மட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் வையுங்கள் (மெல்லிசு அவல் என்றால் இரண்டு நிமிஷமே அதிகம், குழைந்துவிடும்). விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், ஆனால் உதிரியாக இருக்க வேண்டும், அதுதான் பதம். மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டுத் தயிர், உப்பு, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய் ஒரு துண்டு. தயிர் இல்லாத நாளில் வெல்லத்தூளும் நறுக்கிய வாழைப்பழமும். வயிறு கனக்காது, அப்புறமும் உட்கார்ந்து படிக்கலாம்.

காலைச் சாப்பாட்டையும் இதே கணக்கில் பாருங்கள். ஒரு மணிக்குத் தூங்கியவன் எட்டேகாலுக்கு எழுந்து எட்டரை வகுப்புக்கு ஓடுகிறான், பத்தேமுக்கால் இடைவேளையில் கேன்டீன் பப்ஸ். இதற்கு நான் கண்ட எளிய வழி, காலையில் மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட நேரம் இல்லாவிட்டாலும் டிபன் பாக்ஸில் நாலு இட்லியும் பொடியும் வாங்கிப் போவது. பொடியில் எண்ணெய் குழைத்துத் தடவினால் பதினொரு மணி வரை இட்லி காயாது. அறையில் யாராவது ஒருவர் சீக்கிரம் எழுந்திருப்பார், அவரிடம் நாலு டப்பாவையும் கொடுத்துவிடுங்கள், வாரத்துக்கு ஒருவர் என்று முறை போட்டுக்கொள்ளலாம்.

தூக்கம்

2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இளைஞர்கள் 12 பேரை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பரிசோதித்தார்கள். நன்றாகத் தூங்கவிட்ட நாட்களோடு ஒப்பிட்டால், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் கூடியிருந்தது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. இனிப்பும் உப்பும் மாவுச்சத்தும் நிறைந்த சாப்பாட்டின் மேல்தான் ஆசை அதிகம் கூடியது. இந்த வரியைப் படித்தபோது எனக்கு எங்கள் கேட்டுக்கு எதிரே இருந்த வண்டியின் மெனு அப்படியே கண்ணில் வந்தது.

ரெக்கார்டு, அசைன்மென்ட், அரியர் என்று இருக்கும்போது சீக்கிரம் தூங்கு என்று சொல்வது எளிது, எனக்கும் தெரியும். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்டர்னல் முந்தின நாள் முழு ராத்திரி விழிப்பதற்குப் பதில் பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்திருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி இருக்காது, ஏழரைக்கு மெஸ்ஸில் சூடான இட்லி இருக்கும். படிக்கும் நேரம் கொஞ்சம் குறையும், ஆனால் சாப்பிடும் இடம் மாறிவிடுகிறது.

கூட்டாளிகள்

"மச்சி, வா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் டீயோடு திரும்பி வந்தவர்கள் ரொம்பக் குறைவு. இதில் ஒரு தப்பும் இல்லை. ராத்திரி பத்தரைக்கு அந்த வண்டி முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பேசியதுதான் என் கல்லூரி நாட்களில் மிச்சமிருக்கும் நல்ல நினைவு. முதல் முறையாக வீட்டை விட்டு வந்து, எதை எப்போது சாப்பிடுவது என்பதைத் தானே முடிவு செய்யும் வயசு. அந்தச் சுதந்திரத்தின் ருசியும் அந்த எக் ரைஸில் கலந்திருக்கிறது. அதை வேண்டாம் என்று சொன்னால் நண்பர்களை வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும், அதனால்தான் தனியாகத் தீர்மானம் எடுக்கிறவர்கள் பத்து நாள்கூடத் தாங்குவதில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜான் டி காஸ்ட்ரோ பலரிடம் சாப்பாட்டுக் குறிப்பேடு எழுதி வாங்கி ஆராய்ந்தவர். தனியாகச் சாப்பிடுவதைவிடக் கூட்டமாகச் சாப்பிடும்போது மனிதர்கள் அதிகம் சாப்பிடுகிறார்கள், கூட்டம் பெரிதானால் அளவும் பெரிதாகிறது என்று அவர் கண்டார். எனவே போங்கள், ஆனால் அவலையோ வேர்க்கடலையையோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசியில்லாமல் போனால் "எனக்கு டீ மட்டும்ணே" என்று சொல்வது கஷ்டமே இல்லை. சாப்பிடத் தோன்றினால் ஆளுக்கொரு ஃபுல் பிளேட் வாங்காமல் மூன்று பேருக்கு ஒரு ஃபுல், ஒரு ஆம்லெட் என்று பங்கு போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் இடத்தையே மாற்றிப் பாருங்கள், கேட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஏதாவது ஒரு இட்லிக் கடை ராத்திரி பதினொன்று வரை திறந்திருக்கும், நடக்கும்போது பேச்சும் நன்றாக ஓடும். யாராவது ஒருவர் "இன்னைக்கு தோசைக் கடை" என்று முதலில் சொன்னால் போதும், மற்றவர்கள் வந்துவிடுவார்கள். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

பெண்கள் விடுதியில் கதை வேறு. கேட் பல இடங்களில் ஆறரைக்கோ எட்டுக்கோ பூட்டிவிடுகிறார்கள், வண்டிக்குப் போக வழியில்லை. அங்கே இரண்டு விதமாக நடக்கிறது என்று மாணவிகள் சொல்கிறார்கள். கேட் மூடுவதற்கு முன்னால் அவசரமாகப் பானி பூரியோ காளானோ சாப்பிட்டுவிட்டு உள்ளே ஓடுவது, அதனால் மெஸ் சாப்பாடு இறங்குவதில்லை, பத்து மணிக்கு மறுபடியும் பசி. இன்னொன்று, கூப்பனுக்காக நாலு அறை சேர்ந்து ஆப்பில் ஆர்டர் போடுவது. நானூறு ரூபாய்க்கு மேல் போனால் தள்ளுபடி என்று காட்டினால் முந்நூறு ரூபாய்ப் பசி நானூறு ரூபாய்ப் பசியாக மாறிவிடும். ஐந்தரை மணிக்கு ஒரு வாழைப்பழமும் சுண்டலும் சாப்பிட்டால் முதல் பிரச்சினை பாதி தீரும். இரண்டாவதற்கு, ஆப்பைத் திறக்கும் முன்பே யாருக்கு என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள், தாளில் இல்லாதது கூடையில் ஏறக்கூடாது.

காசு

மெஸ் காசு அப்பா முன்கூட்டியே கட்டிவிட்டது. மொத்தச் செலவை எல்லாருக்கும் பங்கு போடும் டிவைடிங் சிஸ்டம் இருக்கும் விடுதியில் நீங்கள் ஒரு வேளை போகாவிட்டாலும் உங்கள் பங்கு குறையாது, தொடர்ந்து சில நாள் ஊருக்குப் போய் முறையாக எழுதிக் கொடுத்தால்தான் மெஸ் கட், அதாவது அந்த நாட்களுக்கான கழிவு, கிடைக்கும். ஆக எக் ரைஸுக்குக் கொடுக்கும் எழுபது ரூபாய் அந்த வேளைக்கு நீங்கள் கொடுக்கும் இரண்டாவது காசு. வாரம் நாலு முறை என்றால் நாலு வாரத்துக்கு 1120 ரூபாய். ஆப்பில் வாங்கினால் 5 சதவீத ஜிஎஸ்டி, பேக்கிங், 2023இலிருந்து பிளாட்ஃபார்ம் கட்டணம், டெலிவரி எல்லாம் சேரும், ஆர்டர் போடும் முன் பில்லின் கடைசி வரியை ஒரு முறையாவது வாய்விட்டுப் படியுங்கள்.

காசு கையிலிருந்து போவதும் போனிலிருந்து போவதும் ஒன்று இல்லை. யுபிஐ 2016இல் வந்தது. அதற்கு ரொம்ப முன்னால், அமெரிக்காவில் எம்ஐடி மேலாண்மை மாணவர்களிடம் கூடைப்பந்து டிக்கெட்டை ஏலம் விட்டுப் பார்த்த டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் முடிவை வெளியிட்டார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் தர வேண்டியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஏலம் கேட்டிருந்தார்கள். நம் ஊர் க்யூஆர் கோடும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பது என் எண்ணம். நான் சொல்வது, திங்கட்கிழமை வெளிச்சாப்பாட்டுக்கு என்று 200 ரூபாயை நோட்டாக எடுத்து ஒரு கவரில் போடுங்கள், வண்டிக்குப் போகும்போது போனை அறையில் வைத்துவிட்டு அந்தக் கவரை எடுத்துப் போங்கள். தீர்ந்தால் அடுத்த திங்கள். ஆப்பில் சேமித்து வைத்த கார்டை நீக்கிவிடுங்கள், நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள், ஐபிஎல் மாதங்களில் கட்டாயம்.

மெஸ்ஸை மாற்ற முடியும்

இதைத் தனி மனிதன் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதில் எனக்குக் கோபம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2016 நவம்பரில் கல்லூரி வளாகங்களில் ஜங்க் ஃபுட் விற்க வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது, 2018இல் மறுபடி ஞாபகப்படுத்தியது. கேன்டீனில் தடை போடுவது சரி, ஆனால் பசி கேட்டுக்கு வெளியே நடந்து போகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மாற்று ஒன்றை உள்ளே வைக்காமல் போடும் தடையால் லாபம் வண்டிக்காரருக்கு மட்டும்தான்.

மெஸ் கமிட்டி இருக்கும் விடுதியில் நீங்கள் கேட்க வேண்டியது "சாப்பாடு நல்லா இல்லை" என்ற புகார் இல்லை, அதை எல்லா வருஷமும் எல்லாரும் சொல்கிறார்கள். குறிப்பாகக் கேளுங்கள். எங்கள் விடுதி மாணவர்கள் இப்படிக் கேட்டார்கள்: ராத்திரி 9.45 முதல் 10.30 வரை ஒரே ஒரு கவுன்டர், அதில் சுண்டலும் சூடான பாலும் மட்டும், இரண்டு மாணவர்கள் முறை வைத்துப் பரிமாறுவார்கள், அதனால் சமையல் ஆட்கள் தங்க வேண்டியதில்லை. ஒரு வாரம் சுமார் எத்தனை பேர் வெளியே போகிறார்கள் என்று கேட்டில் எண்ணி எழுதிக் கொண்டுவந்தார்கள், செலவை மெஸ் பில்லில் தலைக்கு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். காப்பாளர் கையெழுத்துப் போட ஐந்து நிமிஷம்தான் ஆனது. உப்புமா நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள், வண்டியில் கூட்டம் அதிகம் இருப்பது அன்றைக்குத்தான். எங்கள் மாணவர்கள் ரவை உப்புமாவை எடுத்துவிட்டு அன்றைக்கு அரிசி உப்புமாவும் கத்திரிக்காய் கொத்சுவும் போடச் சொன்னார்கள்.

போகிறீர்கள் என்றால்

நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது செமஸ்டர் தேர்வுக்கு முந்தின ராத்திரி பதினொன்றேகாலுக்கு ஒரு வண்டியில் எக் ரைஸ் சாப்பிட்டேன். இரண்டு மணிக்கு ஆரம்பித்த வாந்தி விடியும்வரை நிற்கவில்லை, தேர்வு ஹாலில் பாதி நேரம் மேஜையில் தலையைச் சாய்த்துக் கிடந்தேன். அந்தப் பேப்பர் போனது. முட்டை கெட்டிருக்கும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வடித்த சாதத்தை மணிக்கணக்கில் வெளியே வைத்தால் அதில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகும், அது விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது, சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும் என்று பிற்பாடு படித்தபோதுதான் புரிந்தது. சட்டி எவ்வளவு கொதித்தாலும் அதனால் பயன் இல்லை. அதனால் வண்டிக்குப் போனால் முதலில் பார்க்க வேண்டியது சாதம். கூட்டம் அதிகம் உள்ள, சின்னச் சின்னப் பாத்திரமாகச் சாதம் கொண்டுவந்து தீர்க்கும் கடையாகப் பாருங்கள். கடைசி நேரத்தில், அடியில் மிச்சமிருக்கும் சாதத்துக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் தோசையோ ஆம்லெட்டோ மேல், கண்ணெதிரே அப்போதே ஆகிறது.

ஷவர்மாவுக்கு மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது சும்மா இல்லை. கறி கம்பியிலிருந்து சீவியபின் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொரித்த எண்ணெய் கருத்து, நுரைத்து, சட்டிக்கு மேல் புகை நின்றால் அன்றைக்கு 65 வேண்டாம்.

அஜினமோட்டோவைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். என் கருத்தில் அதைவிட உப்புக்குத்தான் பயப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது, அது ஒரு டீஸ்பூன் அளவு. சோயா சாஸ், சில்லி சாஸ், மேலே தூவும் உப்பு, தொட்டுக்கொள்ளச் சாஸ் என்று ஒரே பிளேட்டில் உப்பு நாலு வழியில் வருகிறது. "அண்ணே, சாஸ் கம்மியா, முட்டை ஒண்ணு சேர்த்து, கோஸ் நிறைய" என்று சொல்லிப் பாருங்கள், எங்கள் கேட்டுக்கு எதிரே வண்டி போடும் அண்ணன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே ஐந்து நிமிஷத்தில் முடிக்காதீர்கள், உட்காருங்கள். 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவிலும் இரண்டு வாரம் சாதாரண உணவிலும் வைத்துப் பார்த்தது. பதப்படுத்தியதைச் சாப்பிட்டபோது நாளுக்கு 500 கலோரி அளவு கூடுதலாக உள்ளே போனது, சாப்பிட்ட வேகமும் அதிகமாக இருந்தது. நம் எக் ரைஸ் அந்த வகையில் சேராது, ஆனால் மெல்லாமலே இறங்கும் சாப்பாடு என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

அந்த மூன்றாம் ஆண்டு மாணவன் ஆறு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். சுண்டல் கவுன்டர் வந்தபின் வாரத்தில் ஆறு, இரண்டாகியிருந்தது. ஒன்று சனிக்கிழமை ராத்திரி, நாலு பேர், இரண்டு ஃபுல் பங்கு போட்டது. இன்னொன்று வியாழன், 10.50, ஹாஃப் எக் ரைஸ், பக்கத்தில் அவன் எழுதியிருந்தது: பசி இல்லை, நண்பனுக்கு வேலை கிடைத்தது. அதை அடிக்கவோ திருத்தவோ நான் சொல்லவில்லை.